கொட்டும் முடியும் ஒடியும் முடியும்

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். நான்கு வருடமாகத் துரைப்பாக்கத்தில் ஹாஸ்டலில் தங்கி ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இடுப்புக்குக் கீழே வரை முடி இருந்தது. போன நவம்பரில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஜனவரி கடைசியில் அக்கா கல்யாணத்துக்காகப் பார்லரில் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துகொண்டேன். பிப்ரவரி, மார்ச்சில் தலையில் கை வைத்தாலே கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஏப்ரல் கடைசியில் குறைந்தது. இப்போது ஆகஸ்டில் மறுபடியும் கொட்டுகிறது. சீவினால் தரை முழுக்கக் குட்டி குட்டியாக முடி. பின்னல் நுனி எலிவால் ஆகிவிட்டது. வகிட்டு ஓரத்தில் விரல் நீள முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. ஹாஸ்டலில் போர் தண்ணீர்தான். "தண்ணி சரியில்ல, கெரட்டின் பண்ணா சரியாயிடும்" என்கிறார்கள் பார்லரில். எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்கிறார் அம்மா. ரூம்மேட் வெங்காயச் சாறும் பயோட்டின் மாத்திரையும் சொல்கிறாள். தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். முடியை வெட்டாமல் சரிசெய்ய வழி உண்டா? கொட்டின முடியைக் கவரில் போட்டு அனுப்பட்டுமா?

தோல் மருத்துவரின் பதில்:

கவர் வேண்டாம் அம்மா. எனக்கு வேண்டியது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிப்ரவரியைப் பற்றி எழுதும்போது "கொத்துக் கொத்தாக" என்கிறீர்கள். ஆகஸ்டைப் பற்றி எழுதும்போது "குட்டி குட்டியாக" என்கிறீர்கள். இரண்டையும் கொட்டுகிறது என்ற ஒரே சொல்லில்தான் எல்லோரும் சொல்கிறோம். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பதிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும். பிப்ரவரியில் உங்கள் முடி உதிர்ந்தது. இப்போது ஒடிகிறது. முன்னதற்குக் காரணம் உடம்புக்குள்ளே இருந்தது. பின்னதற்குக் காரணம் வெளியே இருக்கிறது.

முதலில் உதிர்ந்த கதை. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுத்து, விழும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சலோ பிரசவமோ பெரிய ஆபரேஷனோ வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பெரும்பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டுத்தான் விழும். நவம்பர் காய்ச்சலுக்குப் பிப்ரவரியில் பலன் தெரிவது அதனால்தான். நடுவில் மூன்று மாதம் ஓடிவிடுவதால் யாரும் காய்ச்சலைச் சந்தேகிப்பதில்லை. போன வாரம் மாற்றிய ஷாம்பூவின் தலையில் பழி விழும்.

இந்த உதிர்வு தானாக நிற்கும். உங்களுக்கும் ஏப்ரலில் நின்றிருக்கிறது. விழுந்த முடி ஒவ்வொன்றின் இடத்திலும் புதுமுடி முளைத்திருக்கும். வகிட்டு ஓரத்தில் சிலிர்த்து நிற்கும் விரல் நீள முடி என்று எழுதினீர்களே, அது அதுவாகத்தான் இருக்க வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பிப்ரவரியிலிருந்து எண்ணிப் பாருங்கள், நீளம் சரியாக வரும். சந்தேகமிருந்தால் கண்ணாடி முன் நின்று அந்தக் குட்டி முடியின் நுனியைப் பாருங்கள். முளைத்து வரும் முடியின் நுனி ஊசி மாதிரி மெலிந்து முடியும். ஒடிந்த முடியின் நுனி மொட்டையாகவோ பிளந்தோ இருக்கும். புதுமுடி என்றால் அயர்ன் போட்டு அதைப் படிய வைக்காதீர்கள். டெங்குவிலிருந்து நீங்கள் மீண்டதன் அடையாளம் அது, நின்றுவிட்டுப் போகட்டும்.

இன்னொரு சோதனை. நாளைக்குச் சீவும்போது விழுகிற முடியில் இருபதை எடுத்து ஒரு கறுப்புத் துணியின்மேல் பரப்புங்கள். உதிர்ந்த முடிக்கு ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருக்கும். "வேரோடு வந்துவிட்டது டாக்டர்" என்று அதைக் காட்டி அழுதவர்கள் உண்டு. அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை அது. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒடிந்த முடியில் இந்தக் குமிழ் இருக்காது. உங்கள் இருபதில் பதினைந்துக்குமேல் குமிழ் இல்லாமல் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மாறாக எல்லாமே முழு நீளமாக, குமிழோடு இருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

இனி ஒடிகிற கதை. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. கேட்க ஒரு மாதிரியாக இருந்தாலும் முடிப் பராமரிப்பு முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. கையில் கீறினால் தோல் தன்னைத் தைத்துக்கொள்ளும். முடி பிளந்தால் பிளந்ததுதான். உங்கள் பின்னல் நுனி இடுப்பில் இருந்தது என்றால் அந்த நுனிக்கு ஐந்து வயதுக்குமேல் ஆகிறது. நீங்கள் சென்னைக்கு வருவதற்கு முன் மன்னார்குடியில் முளைத்த முடி அது. ஐந்து வருட வெயில், சீப்பு, ரப்பர் பேண்டு, தலையணை எல்லாம் அதன்மேல் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய பட்டுப்புடவையை எப்படிக் கையாள்வோமோ அப்படிக் கையாள வேண்டிய நுனியைத்தான் ஜனவரியில் சூட்டுக்கும் ரசாயனத்துக்கும் கொடுத்துவிட்டீர்கள்.

ஒற்றை முடியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, வேர்ப்பக்கத்திலிருந்து நுனிக்கு இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுத்தால் சொரசொரக்கும். மீனை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் எப்படியோ அப்படி. முடியின் மேல்பரப்பும் செதில்தான், நுனியை நோக்கிப் படிந்த செதில்கள் பல அடுக்கு. திருப்பதியில் காணிக்கையாகும் நீள முடிக்கு விக் செய்கிறவர்களிடம் அவ்வளவு மதிப்பு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேர்ப்பக்கமெல்லாம் ஒரே பக்கமாக வைத்துக் கட்டினால்தான் செதில்கள் ஒரே திசையில் படிந்து முடி சிக்காமல் இருக்கும். தலைகீழாகக் கலந்துவிட்டால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கயிறு மாதிரித் திரிந்துபோகும்.

ஸ்மூத்தனிங்கில் என்ன நடக்கிறது? செதிலுக்கு உள்ளே கெரட்டின் என்ற புரத இழைகள் இருக்கின்றன. அவற்றைக் கந்தக அணுக்கள் பாலம் மாதிரி இணைத்துப் பிடித்திருக்கின்றன. முடி சுருளுவதும் அலையடிப்பதும் வலுவாக இருப்பதும் இந்தப் பாலங்களால்தான். முதலில் தடவும் கிரீம் பாலங்களில் ஒரு பகுதியை உடைக்கிறது. பிறகு 180 டிகிரிக்குமேல் சூடான அயர்னால் இழுத்து நேராக்குகிறார்கள். கடைசியில் இன்னொரு மருந்து போட்டு, நேரான நிலையிலேயே பாலங்களை மறுபடி சேர்க்கப் பார்க்கிறார்கள். உடைந்ததெல்லாம் திரும்பச் சேர்வதில்லை. அதோடு செதிலின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் பூச்சும் போய்விடும். ஈரத்தை ஒதுக்கியதும், ஒரு முடி இன்னொரு முடியோடு உரசாமல் காத்ததும் அந்தப் பூச்சுதான். முதல் இரண்டு மாதம் பார்லரில் பூசிவிட்ட மினுமினுப்பில் எதுவும் தெரியாது. அது கழுவிப் போனபின் உண்மை தெரியும்.

இப்படி வருகிறவர்களின் முடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து அவர்களையே பார்க்கச் சொல்வேன். ஒடியப் போகும் இடத்தில் இரண்டு விளக்குமாறுகளை எதிரெதிரே செருகியது மாதிரி இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது முடியில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சீப்பு அந்த இடத்தில் தட்டினால் போதும், இரண்டாகிவிடும். உங்கள் தரையில் கிடப்பவை இந்தத் துண்டுகள்தான்.

தண்ணீர் மேல் பழி போடுவது பார்லருக்கு வசதி. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து போர் தண்ணீர் எனக்கும் தெரியும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும், சோப்பு நுரைக்காது. அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின்மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் வேரைத் தொடுவதில்லை. வலுவான முடியை அது தனியாக நின்று ஒடித்துவிடுவதும் இல்லை. நான்கு வருடமாக அதே தண்ணீரில்தான் குளிக்கிறீர்கள், முதல் மூன்று வருடம் முடி இருந்ததே? செதில் தேய்ந்த முடிக்கு மட்டும் அந்தத் தண்ணீர் கூடுதல் தொல்லை. தலைக்குக் குளித்து முடித்ததும் கேன் தண்ணீரில் இரண்டு சொம்பு எடுத்து நீளமுடியை அலசி விடுங்கள். குளியலறைக் குழாயில் மாட்டும் ஃபில்டரை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

கெரட்டின் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பெயரில்தான் கெரட்டின். நேராக்கும் வேலையைப் பல சரக்குகளில் செய்வது ஃபார்மால்டிஹைடு. பிணவறையில் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் கரைந்திருப்பதும் அதேதான். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அயர்ன் படும்போது எழும் புகையில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். "ஃபார்மலின் இல்லாதது" என்று விற்பவை பலவற்றில் அதற்குப் பதில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவர் முடியை நேராக்கிக்கொண்டது மூன்று முறை, மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அந்த அமிலம் தலைத்தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகமாகப் படியக்கூடும் என்பதை எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். இஸ்ரேலிலும் இதேபோல முடி நேராக்கியபின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவு உண்டு. நேராக்கிக்கொள்ளும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒடிந்துகொண்டிருக்கும் முடிக்காக அந்த ஆபத்தை எதற்கு வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அம்மா பக்கம் வருவோம். எண்ணெய் விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் முடியை வளர்க்காது, உதிர்வதை நிறுத்தாது, ஒடிந்ததை ஒட்டாது. ஆனால் குளிப்பதற்கு முன் தடவினால் ஒடிவதைக் குறைக்கும். 2003-ல் மும்பையில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும் தடுத்தது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் காரணம் புரிகிறது. அதிலிருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, முடிக்குள் நுழைந்துவிடும். நுழைந்தபின் முடி தண்ணீர் குடித்து ஊதுவது குறையும். ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கித்தான் செதில் கழன்றுகொள்கிறது. அதனால் வாரம் இரண்டு நாள், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ முந்தின இரவோ, காதுக்குக் கீழே உள்ள முடிக்குத் தடவுங்கள், நுனிக்குக் கொஞ்சம் தாராளமாக. பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. எண்ணெய் வைத்துக்கொண்டு வண்டியில் துரைப்பாக்கம் சிக்னலில் நின்றால் புழுதிதான் மிச்சம், அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கழுவும்போது ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும். நுனி கசங்கக் கசங்கத் தேய்க்க வேண்டாம், வழிந்து வரும் நுரையே அதற்குப் போதும். பிறகு காதுக்குக் கீழே கண்டிஷனர், இரண்டு மூன்று நிமிடம். பழுதுபட்ட செதிலின்மேல் ஒட்டி உரசலைக் குறைக்கிற சரக்கு அதில் இருக்கிறது. விலை கூடியதால் பலன் பெரிதாகக் கூடாது, ஹாஸ்டல் வாசல் கடையில் கிடைப்பதே போதும். சீயக்காயா, ஷாம்பூவா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். ஊரில் வடிகஞ்சியில் குழைத்த சீயக்காயோ அரப்போ போட்டது நல்ல வழக்கம்தான். கஞ்சியின் வழவழப்பில் பொடி முடியை அறுக்காது. ஹாஸ்டலில் கஞ்சிக்கு எங்கே போவீர்கள்? வெறும் தண்ணீரில் கரைத்த திப்பியான பொடியைப் போட்டு இந்த முடியைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரி. ஆறு மாதத்துக்கு ஷாம்பூவே இருக்கட்டும்.

ஈர முடிதான் மிகவும் பலவீனமானது. ரப்பர் மாதிரி இழுபடும், ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது. நம் பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு முடியை முன்னால் போட்டுத் துண்டால் பட் பட்டென்று அடித்துத் துவட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், நானே அப்படித்தான் வளர்ந்தேன். இனி அடிக்க வேண்டாம். ஈரிழைத் துண்டைச் சுற்றி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். முக்கால்வாசி காய்ந்தபின், பல் அகலமான சீப்பால் நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒன்றாகச் சேரும், அங்கேதான் அறும். ஆபீஸ் அவசரத்தில் ஈரத்தலையைப் பின்னி ரப்பர் பேண்டு போட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பின்னல் கட்டும் இடத்திலேயே ஒரு வளையமாக ஒடிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். துணி பேண்டு போடுங்கள், கட்டும் இடத்தைத் தினமும் மாற்றுங்கள், நெற்றி முடி இழுபடாத அளவுக்குத் தளரப் பின்னுங்கள்.

டிரையர் கூடவே கூடாது என்று நினைக்கிறீர்களா? அப்படியில்லை. கொரியாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டி ஆட்டிக் காயவைத்த முடி, தானாகக் காயவிட்ட முடியைவிடச் சேதம் குறைவாக இருந்தது. நெடுநேரம் ஈரத்தில் ஊறுவதும் முடிக்கு ஆகாது. ஆனால் ஸ்ட்ரெய்ட்னர் வேறு. ஈரமான முடியில் அதை வைத்தால் சொய்ங் என்று ஒரு சத்தம் வருமே, அது முடிக்குள் இருக்கும் தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஆவி வெளியேற வழியில்லாமல் முடிக்குள்ளேயே குமிழ் குமிழாக ஓட்டை போடும். அந்த ஸ்ட்ரெய்ட்னரை ஊருக்குப் போகும்போது அக்காவிடம் கொடுத்துவிடாதீர்கள், அவர் முடியாவது பிழைக்கட்டும்.

வெங்காயச் சாறு: வட்ட வட்டமாக வழுக்கை விழும் புழுவெட்டுக்கு ஒரு சிறிய ஆய்வில் ஓரளவு பலன் தெரிந்தது. உங்களுக்குப் புழுவெட்டு இல்லை. ரூம்மேட்டோடு நட்பும் முக்கியம், அந்த வாசனையோடு அறைக்குள் வராதீர்கள்.

பயோட்டின் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அரிது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே பொய்யாக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதை எச்சரித்தது. உங்களுக்கு நான் பரிசோதனை எழுதப் போகிறேன், அதனால் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ரத்தம் கொடுக்கும்போது சாப்பிட்டு வந்ததையும் லேபில் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹாஸ்டலில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாலையில் பஜ்ஜியும் டீயுமாக ஓட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. டெங்குவுக்குப் பிறகு எடை குறைந்ததா, மாதவிடாயில் போக்கு அதிகமா, இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைவு என்று வந்தால் மாத்திரையை டீயோடு விழுங்க வேண்டாம், டீ அதை உடம்பில் சேரவிடாது. முட்டை, சுண்டல், கீரை என்று தட்டில் தினம் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்கவே பயந்து கேட்டது. வெட்டாமல் முடியுமா? முடியாது. பிளந்த நுனியை விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும். நுனி பிளவுக்கு என்று விற்கும் சீரம் அடுத்த குளியல் வரைக்குமான பசை. எலிவால் என்று நீங்களே பெயர் வைத்துவிட்ட அந்தப் பகுதியை, நான்கு அங்குலமோ ஐந்தோ, இந்த மாதமே வெட்டிவிடுங்கள். வெட்டினால் வேகமாக வளரும் என்று சொல்லி உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்த மாட்டேன், அது உண்மையில்லை. வேருக்கு நுனியில் நடப்பது தெரியாது. ஆனால் வெட்டிய அன்றே பின்னல் கனமாகத் தெரியும், அதைக் காட்டிச் சமாதானம் செய்துகொள்ளுங்கள். அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம்.

இன்னொன்று. ஜனவரிக்குப் பிறகு முளைத்த ஏழு சென்டிமீட்டர் முடி உங்கள் பழைய அலைமுடி. அதற்குக் கீழே நேராக்கிய முடி. இரண்டும் சேரும் இடம் மிகவும் மெலிவானது. வேர்ப்பகுதியை மட்டும் "டச் அப்" செய்து சமமாக்கலாம் என்று பார்லரில் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மருந்து சந்திப்பில் இரண்டாவது முறை பட்டால் முடி அங்கேயே துண்டாகும்.

தைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் வளரும், அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்துக்கு நீளப் பின்னல்தான் வேண்டும் என்றால் ஒரு சாயங்காலத்துக்குச் சவுரி வைத்துப் பின்னிக்கொள்ளுங்கள், நம் பாட்டிகளும் அதைத்தான் செய்தார்கள். பின்னுகிறவரிடம் நெற்றிப் பக்கத்துப் புதுமுடியை இழுத்துக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், பூவைத் தலைபாரமாக அடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கலர் போடும் யோசனை இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, எங்காவது வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோலில் வலி, சீழ், செதிலாக உரிதல் இருந்தாலோ தை வரை காத்திருக்க வேண்டாம். பரிசோதனை முடிவு வந்ததும் தோல் மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது அந்தக் கறுப்புத் துணியையும் இருபது முடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், தலைத்தோலை அவர் உள்ளபடி பார்க்கட்டும்.